திங்கட்கிழமைக் கடல்

உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் வந்து உட்காருவார். டாக்டரம்மா முள்ளின் முனையை மறுபக்கமாகத் தள்ளி, கொக்கியை நறுக்கி, மிச்சத்தை உருவி எடுத்து, மருந்து வைத்துக் கட்டுவார். ஊசியும் போட்டாயிற்று. ஆள் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்திருக்கப் போகும்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

"ஏனுங்க, இந்தத் திங்கக்கெழம கடல் எப்படிங்க இருந்துச்சு?"

தூண்டில் முள்ளுக்கும் திங்கட்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று வந்தவர் ஒரு கணம் விழிப்பார். சிரங்குக்கு வந்தவரிடமும் இதே கேள்விதான். இருமலுக்கு வந்தவர், பல்வலிக்கு வந்தவர், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தகப்பன், யாரும் தப்ப முடியாது.

அது என்னுடைய கேள்வி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அவரைப் பற்றி ஒரு வரிகூட என்னால் நேராக எழுத முடியாது.

எழுபதுகளின் நடுவில், சாராயக் கடைகளை மறுபடியும் இழுத்து மூடியிருந்த சமயம். மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்தில் ஊரார் சிலர் சேர்ந்து ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார்கள். ஒரு கூடம், நடுவில் பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நான். நான் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன், மதுரையில் சமூகப் பணி படித்துவிட்டுப் புதுச் சட்டையும் புதுக் கொள்கையுமாகத் திரும்பியிருந்தேன். என் கொள்கை இதுதான்: குடியும் மனக்கோளாறும் முற்றி, ஆளைக் கட்டி வண்டியில் தூக்கிப் போடும்வரை காத்திருக்கக் கூடாது. சளிக்கும் சிரங்கிற்கும் வருகிற எல்லோரையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். நோய் பேசுவதற்கு முன்னால் நாம் பேச வேண்டும்.

டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். வேலையில் சேரும்வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. சாளைக்கும் சீலாவுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாமே அவருக்கு 'மீனு'தான். காற்று கருவாட்டுக் களம் பக்கமிருந்து திரும்பினால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பார்.

என் கொள்கையைச் சொன்னதும், "நல்லதுங்க, செஞ்சு பாருங்க" என்றார். செய்தேன். நீளமான கேள்வித்தாள் ஒன்று தயாரித்தேன். 'தாங்கள் மது அருந்துவதுண்டா?' 'தங்களுக்கு மனச்சோர்வு உண்டா?'

முதல் கேள்விக்கு ஊரே துறவிகள் ஊராகிவிட்டது. "சேசுவே! கோயில்ல நன்ம அப்பம் வாங்குத வாய் தம்பி இது!" கடை மூடியிருக்கிற காலத்தில் 'ஆமாம்' என்று சொல்வது போலீசுக்குச் சாட்சி சொல்வது போல. நான் பேனாவைத் திறந்ததுமே பாதிப்பேர் மருந்து வேண்டாம் என்று எழுந்து போனார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெரியம்மா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "மனச் சோறா? சட்டிச் சோத்துக்கே வழியக் காணும், இவன் மனச் சோறு கேக்கான்!"

அன்று தேநீர் குடிக்கும்போது எரிச்சலில் டாக்டரம்மாவிடம் நான்தான் சொன்னேன். "எங்க ஆளுகளக் கேக்கவே வேண்டாங்க. ஞாயித்துக்கெழம பூசை, கடலுக்குப் போக மாட்டாங்க. ஞாயிறு குடிச்சவன் திங்கக்கெழம எந்திரிக்க மாட்டான். திங்கக்கெழம கடல் எப்படிக் கெடந்துச்சுன்னு கேட்டா போதும், போனவன் சொல்லுவான், போகாதவன் முழிப்பான்." சும்மா, விளையாட்டாகச் சொன்னது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படிங்களா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து என் கேள்வி கொங்கு ராகத்தில் கேட்டது.

கேள்வி கேட்டதும் அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றி, தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சாவி கொடுப்பார். கிர்ர்… கிர்ர்… என்று தட்டிக்கு இந்தப் பக்கம்கூடக் கேட்கும். ஆளைப் பார்க்க மாட்டார், அடுத்த வார்த்தை பேச மாட்டார். அந்தக் கடிகாரத்திற்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் சாவி வேண்டும்! ஆனால் அந்தக் கிர்ர் சத்தத்திற்குள் மனிதர்கள் பேசத் தொடங்கினார்கள்.

கடலுக்குப் போனவர்கள் உற்சாகமாகக் கொட்டினார்கள். "கச்சான் போட்டு அடிச்சிட்டும்மா." "கச்சான்னா என்னங்க?" "அய்யோ, இதுகூடத் தெரியாமலா டாக்டருக்குப் படிச்சிய? மேக்க இருந்து வருமுல்லா, அந்தக் காத்து!" அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. கச்சான், கொண்டல், சோழகம், கடலைக் கலக்கிவிடுகிற வாடை, எல்லாக் காற்றும் எனக்குத் தொட்டிலிலேயே தெரியும். தெரிந்தவனுக்கு யார் சொல்வார்கள்? என் ஊரில், என் பாஷையில், எனக்குத் தெரிந்ததே எனக்கு எதிராக நின்றது.

போகாதவர்கள் முதலில் விழித்தார்கள். அப்புறம் சூட்சுமம் புரிந்து உஷாரானார்கள். உள்ளே போவதற்கு முன் வரிசையில் நின்றே பாடம் படிப்பார்கள். "ஏலே, திங்கக்கெழம கடல் எப்படிலே கெடந்துச்சு? அந்தம்மா கேப்பா, சொல்லித் தாலே."

அப்படிப் பாடம் படித்து வந்த வின்ச்சுக்காரர் ஒருவர், துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச்சு வேலை இல்லாத நாளில் மச்சானுடைய வள்ளத்தில் போகிறவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திங்கக்கெழமயா? கண்ணாடி மாதிரி கெடந்துச்சும்மா. ரெண்டு கூடை சாளை!" என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் போன வாரத்துத் திங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டான். இந்தத் திங்கள் சிற்றாலயத்தில் கொடியேற்றம், ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. "பங்குச் சாமியே கொடிமரத்தடியில நின்னாரு, இவரு தனியாப் போயி ரெண்டு கூடை பிடிச்சாராம்!"

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். கிர்ர்… கிர்ர்… கொஞ்ச நேரம் கழித்து வின்ச்சுக்காரரின் குரல், நெஞ்சு நிமிர்வெல்லாம் போய், "கொஞ்சம் சாஸ்தியாத்தான் போவுது டாக்டரம்மா. கடை இல்லாததுனால கண்டதையும் குடிக்கோம். வார்னிசக்கூட விடல" என்றது. என் கேள்வித்தாளில் அந்த மனிதர் 'இல்லை' என்று சத்தியம் செய்திருந்தார்.

பெண்கள் கடலுக்குப் போகிறதில்லையே, அவர்களை எப்படிக் கேட்பார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே காத்திருந்தேன். "திங்கக்கெழம என்ன கொழம்புங்க?" என்று கேட்டார். ஞாயிறு வலை இறங்காததால் திங்கட்கிழமை மதியச் சமையலுக்கு எங்கள் தெருவில் பச்சை மீன் இருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சமாளிப்பு. கருவாட்டில் முருங்கைக்காய் போட்டேன், முட்டையை உடைத்து ஊற்றினேன் என்று சலிப்பும் சிரிப்புமாகச் சொல்வார்கள். ஒரு நாள், முகத்தில் தேமல் என்று வந்த ஒருத்தி வெகுநேரம் யோசித்துவிட்டு, "கொழம்பு வச்சேனா என்னன்னே தெரியலம்மா" என்றாள். அப்புறம் அழுத சத்தம்.

அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. அவராகவே கண்டுபிடித்தது. என் கேள்வியை அவர் கேட்டபோது எரிந்ததைவிட அது அதிகமாக எரிந்தது.

மதுரையிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் பார்வையிட வந்தார். அரை நாள் உட்கார்ந்து கவனித்துவிட்டு, "பிரில்லியண்ட்! இந்தத் திங்கட்கிழமைக் கேள்வி உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்றார்.

"அது இவரு சொன்னதுங்க" என்று டாக்டரம்மா என்னைக் காட்டினார்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அடக்கம் ஒரு நல்ல குணம்" என்று அவரைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சேரவேண்டிய பெருமையை டாக்டரம்மா மறைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கொடுத்துவிட்டார், நான் என்ன செய்ய?

இன்னொன்றும் உண்டு. கூட்டுகிற பெண்ணைக் கேட்பார், பால்காரரைக் கேட்பார், பங்குச் சாமியாரையே கேட்டார். என்னை மட்டும் கேட்டதே இல்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "எல்லாரையும் கேக்குறீங்க, என்னைக் கேக்கலியே?" என்றேன்.

"உங்களக் கேட்டா உடனே பதில் சொல்லிருவீங்களே" என்றார்.

பாராட்டு என்று நினைத்து அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

என் கேள்வியை நானே மீட்டுக்கொள்வதென்று ஒரு சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த மாமா ஒருவரிடம், டாக்டரம்மாவைப் போலவே நிதானமாக, "மாமா, இந்தத் திங்கக்கெழம கடல் எப்படிக் கெடந்துச்சு?" என்றேன்.

"ஏலே படிச்ச மண்டையா, அத எதுக்கு எங்கிட்ட கேக்க? ஒங்க அண்ணங்கிட்ட கேளு. கரையில குத்தவச்சுக் கடலையே பாத்துக்கிட்டிருந்தவன் அவந்தான். போன திங்களும் அப்படித்தான்."



அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். குளிப்பு இல்லாத மாதங்களில் வள்ளத்துக்குப் போவான். அப்பா இல்லாத வீட்டில் அவன் தண்ணீருக்குள் போனதால்தான் நான் கல்லூரிக்குள் போனேன். சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து சாராயத்தைத் தொட்டதில்லை என்று ஊரே அவனை உதாரணம் காட்டும். நான் நேரே வீட்டுக்குப் போய் அவன் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோனேன்.

"என்னலே, நாய் மாதிரி மோக்குத?"

"குடிச்சியா?"

"படிச்சிட்டு வந்து கேக்குத கேள்வியப் பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் வாயில் எந்த வாடையும் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. குடிக்காதவன் திங்கட்கிழமை ஏன் கரையில் உட்காருகிறான்? என் கேள்வி குடிகாரனை மட்டும்தான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "அவன் வாயத் தொறந்தா என்ன முத்தா கொட்டிரப் போவுது? விடுல. காதுல சீழ் வருது, ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு" என்றாள்.

அம்மா நச்சரித்ததில் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மாத்திரைகளை மடித்துக்கொண்டிருந்தேன். காதைச் சுத்தம் செய்கிற சத்தம். சொட்டுமருந்து. பிறகு, "இந்தத் திங்கக்கெழம கடல் எப்படிங்க இருந்துச்சு?"

கிர்ர்… கிர்ர்…

வெளியே உப்பு லாரி ஒன்று போய் முடிந்தது. அதன் பிறகு அண்ணன் பேசினான். எங்கள் வீட்டில் 'சோறு', 'போதும்' என்ற இரண்டு வார்த்தைகளோடு நாளை முடிக்கிறவன், தாழ்ந்த குரலில், நிறுத்தாமல் பேசினான். வார்த்தைகள் பிடிபடவில்லை. நாற்காலியைத் தட்டியை ஒட்டி நகர்த்தினேன். உடனே கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்து நின்றார்.

"வந்தவங்களையெல்லாம் வராந்தாவுல உக்கார வைங்க." ஒரு நொடி நிறுத்தி, "நீங்களும்தானுங்க" என்றார்.

வராந்தாவில், சிரங்குக்காரர்களோடும் பல்வலிக்காரர்களோடும் நானும் உட்கார்ந்தேன். அண்ணன் வெளியே வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கடந்து போனான்.

உள்ளே பாய்ந்தேன். "என்ன சொன்னான்? அவன் என் அண்ணன். கேட்டது என் கேள்வி."

"ஆமாங்க. ரெண்டும் உங்களோடதுதான். அவரு சொன்னது மட்டும் எனக்குச் சொன்னதுங்க."

மேசையைக் குத்தியிருப்பேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன். உங்ககிட்டச் சொல்லலாமான்னு அவருகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். தண்ணிக்குள்ள எறங்கினா மேல வர மனசு வர மாட்டேங்குதாம். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் கரையிலயே உக்காந்துக்கறாரு. இப்போ அவரத் தனியா விடக்கூடாதுங்க."

மேலே வர மனசு வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவன் எங்கே எல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பான்? ஒரே பாயில் படுத்து வளர்ந்த என்னிடம் இறக்கிவைக்காமல், மீனுக்குப் பெயர் தெரியாத ஒருவரிடம் போய் இறக்கிவைத்துவிட்டான். அவனை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்திற்கு நடுவிலும் பொறாமை ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"நான் என்ன செய்யணும்?"

"சாயங்காலம் அவரு கூடப் போய் உக்காருங்க. எதையும் கேக்காதீங்க."

கேட்காமல் இருப்பதா! நான் கோயில் பிரசங்கத்திலேயே பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற ஆள். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். அண்ணன் கடலைப் பார்ப்பான், நான் அண்ணனைப் பார்ப்பேன். நாக்கு துறுதுறுக்கும். கடித்துக்கொள்வேன். சில நாள் கழித்து அவனே, "ஏலே, நீ சும்மா இருந்தா காச்சக்காரன் மாதிரி இருக்க. எதயாவது பேசித் தொலையேன்" என்றான். அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

டாக்டரம்மா, அண்ணன், நான் மூவரும் பஸ்ஸில் மதுரைக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார். வழி முழுக்க அண்ணன் டாக்டரம்மாவிடம், கோயம்புத்தூரில் எந்தப் பக்கக் காற்று அடிக்கும், கடல் இல்லாத ஊரில் சனங்கள் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணனுக்குச் சங்குக் கிடங்கில் சில மாதம் தரம் பிரிக்கிற வேலை. உறக்கம் வந்தது. பசி வந்தது. மறுபடி வள்ளத்தில் ஏறிய அன்று, எங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் டாக்டரம்மா கரைக்கு வந்து நின்றார், செருப்பு மணலில் புதைய, முந்தானை மூக்கில். நானும் பக்கத்தில் நின்றேன். வள்ளம் திரும்பி வந்தது. அண்ணன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் ஏறி நின்று, கரை முழுக்கக் கேட்கும்படிக் கத்தினான்.

"டாக்டரம்மோவ்! திங்கக்கெழம கடலு கண்ணாடி மாதிரி கெடந்துச்சு!"

அன்று திங்கட்கிழமை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடிகாரத்தைக் கழற்றினார். என் அண்ணன் உயிரோடு வந்துவிட்டான், எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவன் கத்தியபோது என் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

அடுத்த ஆண்டு அவர் மனநல மருத்துவ மேற்படிப்புக்கு, கடலுக்கு வெகுதூரத்திலிருந்த ஒரு நகரத்துக்குக் கிளம்பினார். நான் வாயால் அளந்துகொண்டிருந்த உலகத்திற்கு அவர் ரயில் ஏறிப் போனார். பெட்டியை அண்ணன் தலையில் சுமந்து வந்தான், கூலிக்காரரைத் தொட விடவில்லை. வண்டி நகரும் முன் என்னைப் பார்த்து, "உங்க கேள்விய உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேனுங்க" என்றார்.

"அங்கே கடல் இல்லையே, என்ன கேப்பீங்க?"

"அங்கயும் உங்கள மாதிரி யாராச்சும் இருப்பாங்க, சொல்லிக் குடுப்பாங்க."

முகம் தெரியாத அந்த யாரோ ஒருவன்மேல் எனக்கு அப்போதே பொறாமை வந்துவிட்டது.

ஞாயிறு ரயில் ஏறினார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் புது டாக்டர் இன்னும் வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் போய் நான் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "அவுக எப்ப வருவாவ?" என்று கேட்டார்கள். வர மாட்டார் என்றதும் வலியையும் சிரங்கையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கேள்வி முழுசாக என் கையில் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பழக்கத்தில் கடற்கரைக்குப் போனேன். அண்ணன் பழைய கயிறு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஏலே, நேத்து எப்படிலே கெடந்துச்சு?"

எனக்குச் சுரீர் என்றது. "அவுக கேக்கச் சொல்லிட்டுப் போனாகளா?"

"ஏன், ஒங்க ரெண்டு பேருக்குத்தான் கேக்கத் தெரியுமா?"

என் பக்கம் திரும்பவில்லை. கயிற்றுப் புரியை மெதுவாகப் பிரித்து, விரலில் சுற்றி, மறுபடி பிரித்தான். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: நல்லா இருந்துச்சு, நெறைய வேலை. எப்போதும் தயாராக இருக்கிற பதில். உடனே பதில் சொல்லிருவீங்களே என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பதிலை விழுங்கினேன். அண்ணன் அடுத்த புரியை எடுத்தான். அதையும் பிரித்து முடிக்கிறவரை நான் பேசவில்லை.

"வாடக் காத்துண்ணே" என்றேன். "நேத்து பூரா வாடக் காத்து."

"ம்" என்று கயிற்றைக் கீழே வைத்தான். "சொல்லு."